வழிப் பயணத்தில் நிம்மதியாகத் தொழ: ஹஜ், உம்ரா பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

இந்த இதழுக்கு வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சுற்றியே இருக்கின்றன: பயணத்தில் தொழுகை தவறாமல் இருக்க வேண்டும், அதுவும் அவசரக் குனிதலாக இல்லாமல் மனசு ஒட்டித் தொழ வேண்டும். ஹனஃபி, ஷாஃபி மத்ஹபுகளின் (சட்டப் பிரிவுகளின்) சட்டம் மாறுபடும் இடங்களில் இரண்டையும் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: குடும்பத்தோடு உம்ரா போகிறோம். ஜித்தாவுக்கு அதிகாலை 3 மணி விமானம். மஃரிப், இஷா, சுபுஹு மூன்றையும் எங்கே தொழுவது? ஏர்போர்ட்டில் தொழ நின்றால் போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்கள், கவனம் நிற்பதே இல்லை. (மண்ணடி வாசகர்)

பதில்: மஃரிபையும் இஷாவையும் ஏர்போர்ட் வரை கொண்டுபோகாதீர்கள். 3 மணி விமானத்துக்கு இரவு 11 மணி வாக்கில் அங்கே இருந்தால் போதும். இரண்டையும் மஹல்லா பள்ளியில் ஜமாஅத்தோடு முழுதாகத் தொழுதுவிட்டே கிளம்புங்கள். “பயணம்தானே, அங்கே போய் கஸ்ராகத் (4 ரக்அத்தை 2 ஆகச் சுருக்கி) தொழலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஊர்க் கட்டிடங்களைத் தாண்டிய பிறகுதான் கஸ்ர் தொடங்கும். மண்ணடியிலிருந்து மீனம்பாக்கம் வரை வீடும் கடையும் இடைவெளி இல்லாமல் ஓடுகின்றன. எனவே சென்னைவாசிக்கு ஏர்போர்ட் ஊருக்குள்தான், அங்கேயும் இஷா 4 ரக்அத்தான் என்பது ஆலிம்கள் பலரின் தீர்ப்பு. உங்கள் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இஹ்ராமுக்கான (உம்ராவுக்குரிய கட்டுப்பாட்டு நிலைக்கான) குளிப்பு, 2 ரக்அத் சுன்னத் தொழுகை எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்து, ஆண்கள் இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டே கிளம்பலாம். நிய்யத்தும் (உறுதி எண்ணம்) தல்பியாவும் (“லப்பைக்” முழக்கம்) பிறகு விமானத்தில். உடுத்தாமல் போகிறவர்கள் துணியைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டிக்குள் போட்டு லக்கேஜில் அனுப்பிவிட்டு, மீகாத் (இஹ்ராம் இல்லாமல் கடக்கக் கூடாத எல்லை) நெருங்கும்போது தவிக்கிறவர்கள் ஏராளம். அப்படி மாட்டிக்கொண்டாலும் நிய்யத்தை விட்டுவிடாதீர்கள். தைத்த உடைக்கு உரிய பரிகாரம் வேறு. இஹ்ராமே இல்லாமல் மீகாத்தைக் கடப்பது வேறு குற்றம், அதற்கு ஓர் ஆடு தம் (பரிகாரப் பலி) கொடுக்க நேரும்.

மூன்றில் உண்மையான சிக்கல் சுபுஹுதான். விமானம் மேற்கே பறப்பதால் விடியலும் தள்ளிக்கொண்டே போகும். சென்னையில் சுபுஹு பாங்கு சொல்லும் நேரத்தில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். போன் ஆப்பில் உள்ள சென்னை நேரத்தையும் பார்க்காதீர்கள், ஜித்தா நேரத்தையும் பார்க்காதீர்கள். அடிவானத்தில் குறுக்காக வெள்ளைக் கோடு விரிவதைப் பார்த்துக் கணக்கிடுங்கள். 3 மணிக்குக் கிளம்பும் விமானத்தில் இது பயணத்தின் பிற்பாதியில் வரும். இறங்கி இமிக்ரேஷன் வரிசையில் நின்று முடிப்பதற்குள் சூரியன் உதித்துவிடும். ஆகவே “ஜித்தா போய்த் தொழலாம்” என்பது இந்த நேர விமானத்துக்கு ஒத்துவராது.

கிப்லாவைத் தேடி அலைய வேண்டாம். சென்னையிலிருந்து ஜித்தா போகும் விமானத்தின் மூக்கு ஏறக்குறைய வழி முழுக்க மக்காவை நோக்கியே இருக்கும். உங்கள் இருக்கை பார்க்கும் பக்கம்தான் கிப்லா. சவூதியா நிறுவனத்தின் சில விமானங்களில் பின்பகுதியில் தொழுகைக்கென்றே இடம் உண்டு. மற்றவற்றில், சாப்பாட்டுத் தள்ளுவண்டி உள்ளே போன பிறகு பணிப்பெண்ணிடம் “நான்கு நிமிடம், இருவர் மட்டும்” என்று கேட்டால் பின்பக்கச் சமையற்கட்டு ஓரத்தில் அனுமதிப்பது உண்டு. ஐந்து பேரும் ஒன்றாக எழுந்து போனால் மறுத்துவிடுவார்கள். மறுத்தாலோ, சீட் பெல்ட் விளக்கு எரிந்தாலோ நேரத்தைத் தவறவிடாமல் இருக்கையிலேயே சைகையால் தொழுங்கள். ருகூஉவை விட ஸுஜூதுக்குச் சற்று அதிகம் குனிய வேண்டும். நிற்கவோ ஸுஜூது செய்யவோ முடியாமல் தொழுததை இறங்கியதும் மீட்டித் தொழுவதே பேணுதல். ஷாஃபிகளுக்கு இது இன்னும் வலியுறுத்திச் சொல்லப்படும்.

ஒளுவில் ஒரு முடிச்சு இருக்கிறது. பயணிக்கு 72 மணி நேரம் வரை தோல் காலுறை மேல் மஸஹு செய்யும் (ஈரக் கையால் தடவும்) சலுகை உண்டு. ஆனால் இஹ்ராமில் உள்ள ஆண் காலுறை அணியக் கூடாது, எனவே அந்தச் சலுகை அவருக்கு இல்லை. பெண்களுக்கு உண்டு. விமானக் கழிவறைத் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைப்பதால் தரையெல்லாம் வெள்ளமாகி அடுத்தவர் வழுக்குவதைப் பார்க்கிறோம். காலி பாட்டில் ஒன்றைக் கொண்டுபோய், பாதுகாப்புச் சோதனை தாண்டியதும் குடிநீர்க் குழாயில் அரை லிட்டர் பிடித்துக்கொள்ளுங்கள். உறுப்புகளை ஒருமுறை கழுவுவது பர்ளு (கட்டாயம்). அதற்கு அரை லிட்டர் தாராளம். கழிவறையில் காலைத் துடைதாள் மேல் வைத்து, கையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் தேய்த்தால் சொட்டுகூடச் சிந்தாது. ஸ்பிரே அடித்து ஈரப்படுத்தினால் மட்டும் போதாது, தண்ணீர் ஓட வேண்டும். நிய்யத் வைத்த பிறகு, பணிப்பெண் நீட்டும் வாசனை போட்ட ஈரத்துணியை வாங்கி முகத்தைத் துடைத்துவிடாதீர்கள். இஹ்ராமில் நறுமணம் கூடாது. ஆகவே வரிசை இதுதான்: ஒளு, சுபுஹு, பிறகு நிய்யத்தும் தல்பியாவும். ஜித்தாவில் இறங்குவதற்குச் சுமார் அரை மணி முன்னால் மீகாத் கடக்கும். அறிவிப்புக்குக் காத்திருக்காமல் ஒரு மணி நேரம் முன்பே வைத்துவிடுங்கள், தூங்கிப்போனாலும் கவலை இல்லை.

ஏர்போர்ட்டில் உபரித் தொழுகையோ வேறு வக்தோ தொழ நேர்ந்தால், நுழைவாயில் எண் உறுதியான பிறகு இடம் பாருங்கள். நடைவழியில் வேண்டாம். தூணுக்குப் பின்புறமோ, கூட்டம் இல்லாத கடைசி வாயிலின் சுவரோரமோ நில்லுங்கள். கைப்பையை ஸுஜூது செய்யும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். சுத்ராவும் (தொழுகிறவருக்கு முன்னால் வைக்கும் தடுப்பு) ஆயிற்று, பையும் கண் முன்னால் ஆயிற்று. கவனம் சிதறுவது பார்க்கிறவர்களால் என்று நினைக்கிறீர்கள். கவனித்துப் பாருங்கள்: பெரும்பாலும் பை என்ன ஆகுமோ, அழைப்பு வந்துவிடுமோ, கழிவறை போயிருக்கலாமோ என்ற நினைப்புதான் இழுக்கும். மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை ஏர்போர்ட்டில் பலரும் மறந்துவிடுகிறார்கள். பாஸ்போர்ட்டை ஒருவரிடம் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, இரண்டு இரண்டு பேராகத் தொழுங்கள். அடுத்தவர் பார்வை தானாக மறந்துபோகும்.

கேள்வி: நாங்கள் பழவேற்காடு. விமானத்துக்கு முந்தின நாளே வந்து மண்ணடி லாட்ஜில் ஒரு ராத்திரி தங்குகிறோம். பழவேற்காடு 80 கிலோமீட்டர்கூட இல்லையே, நாங்கள் முழுதாகத் தொழ வேண்டுமா? லாட்ஜில் ஒரே சத்தம் என்கிறார்கள்.

பதில்: தூரத்தை மண்ணடி வரை அளக்கக் கூடாது. நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது போக நினைக்கும் இடம் மக்கா. அது கஸ்ருக்கான சுமார் 80 கிலோமீட்டரைப் பல மடங்கு தாண்டியது. எனவே பழவேற்காடு எல்லையைக் கடந்ததுமே நீங்கள் முஸாஃபிர் (பயணி). மண்ணடியில் ஓரிரவு தங்குவது அதைக் கலைக்காது. லுஹர், அஸர், இஷா மூன்றும் 2 ரக்அத். மஃரிபும் சுபுஹும் குறையாது. முந்தின பதிலோடு சேர்த்துப் பார்த்தால், ஒரே ஏர்போர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் மண்ணடிக்காரர் 4, பழவேற்காட்டுக்காரர் 2. இரண்டும் சரிதான், ஒருவரையொருவர் திருத்தப் போக வேண்டாம்.

ஆனால் மண்ணடிப் பள்ளியில் உள்ளூர் இமாமுக்குப் பின்னால் நின்றால் அவரோடு 4 ரக்அத்தும் தொழ வேண்டும். இரண்டோடு ஸலாம் கொடுத்து எழுந்து வரக் கூடாது.

சத்தம் உண்மைதான். மண்ணடித் தெருக்களில் மீன்பாடி வண்டியும் சரக்கு ஏற்றும் ஆட்களும் இரவு வரை ஓய மாட்டார்கள். தெருப்பக்க அறை வேண்டாம், பின்பக்க அறை கேளுங்கள். சுபுஹு ஜமாஅத் முடிந்து கடை திறக்கும் வரை தெரு அமைதியாக இருக்கும். திக்ருக்கும் குர்ஆன் ஓதவும் அதுவே நல்ல நேரம். பெண்கள் பள்ளியில் தொழ விரும்பினால், இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிடுங்கள். எல்லாப் பள்ளிகளிலும் பெண்களுக்குப் பகுதி கிடையாது. வாசல் வரை வந்து திரும்பும் சங்கடம் மிச்சம்.

கேள்வி: மாமியார், நான், இரண்டு பிள்ளைகள் இரவு ரயிலில் நாகூர் ஜியாரத்துக்குப் போகிறோம். சுபுஹு ரயிலில்தான். ஸ்லீப்பர் பெட்டியில் பெண்கள் எப்படித் தொழுவது? (புதுவண்ணாரப்பேட்டை வாசகி)

பதில்: சகோதரி, எதிரெதிர் கீழ் பெர்த்துகளுக்கு இடையில் உள்ள இடமே உங்களுக்கு ஏற்றது. கதவோரம் வேண்டவே வேண்டாம். அங்கே பெட்டி அதிகம் ஆடும், ஆட்கள் கழிவறைக்குப் போய் வந்துகொண்டே இருப்பார்கள், தரையும் ஈரமாக இருக்கும். படுக்கும் முன்பே செருப்பையும் பைகளையும் பெர்த் அடியில் ஆழமாகத் தள்ளிவிடுங்கள். எதிர் பெர்த் ஆளிடமும் இரவே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, விடியக்காலையில நாங்க அஞ்சு நிமிஷம் இங்க தொழுவோம், கால மட்டும் கொஞ்சம் மேல வெச்சுக்குங்க.” இரவே கேட்டால் யாரும் மறுப்பதில்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

நாகூர் ரயில் பெரும்பாலும் தெற்கே ஓடும். அப்படித் தெற்கே ஓடும்போது, வண்டி போகும் திசையைப் பார்த்து நின்றால் உங்கள் வலது கைப் பக்கம்தான் மேற்கு. பெர்த்துகள் பெட்டியின் குறுக்காக இருப்பதால், அவற்றின் இடையில் நின்றால் முகம் ஒரு ஜன்னலையோ நடைவழியையோ பார்க்கும். மேற்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு நின்றால் போதும். தடம் வளைந்து திசை மாறியது தெரிந்தால் தொழுகையிலேயே திரும்பிக்கொள்ள வேண்டும். ஜன்னல் பக்கம் கிப்லாவாக வந்தால் பாக்கியம், முன்னால் ஆள் நடமாட்டமே இருக்காது.

பர்ளுவை நின்றே தொழ வேண்டும். ஆட்டத்தில் தடுமாறினால் மேல் பெர்த்தின் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். மாமியாருக்கு மூட்டு வலி இருந்தால், நிற்க முடிகிற அளவு நின்று, பிறகு பெர்த்தில் உட்கார்ந்து முடிக்கட்டும். தொழுகை விரிப்பைவிட ஒரு பழைய லுங்கி நல்லது. மடித்தால் கையளவு, அழுக்கானால் துவைத்துவிடலாம். மக்கனாவைத் தலையணை உறைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், இருட்டில் பையைக் குடைய வேண்டாம். வீட்டில் முழு ஒளுவோடு தோல் காலுறை போட்டுக்கொண்டால், ரயிலில் முகம், கை கழுவி, தலைக்கும் காலுறைக்கும் மஸஹு செய்தால் முடிந்தது. சாதாரணத் துணி சாக்ஸ் இதற்கு ஆகாது. கடையில் குஃப் என்று கேட்டு வாங்குங்கள்.

திரும்பும் வழியில் லுஹரும் அஸரும் பயணத்தில் வந்தால், ஷாஃபிகள் இரண்டையும் ஒரே நேரத்தில் ஜம்உ செய்து தொழலாம். ஹனஃபிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்கத்திலும் தொழுதால் ஒரே ஒளுவில் இரண்டும் ஆகிவிடும். தொழுவதற்காக நடு ஸ்டேஷனில் மட்டும் இறங்காதீர்கள். வண்டி நகர்ந்துவிடுமோ என்ற பயத்தோடு தொழுவது தொழுகையாக இருக்காது.

கேள்வி: கிப்லா ஆப் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு திசை காட்டுகிறது. (காசிமேடு வாசகர்)

பதில்: இரும்பு பக்கத்தில் இருந்தால் போன் திசைகாட்டி ஏமாற்றும், ரயில் பெட்டி, லிஃப்ட், காந்த மூடி உள்ள போன் கவர் எல்லாம் காரணம். சென்னைக்கு கிப்லா நேர் மேற்கு அல்ல, மேற்கிலிருந்து வடக்காகச் சுமார் 18 பாகை. காசிமேட்டில் கடலுக்கு முதுகு காட்டி நின்று, வலது பக்கம் சற்றுத் திரும்புங்கள், அவ்வளவுதான். ஊர்ப் பழக்கத்தில் சவூதி போயும் மேற்கே திரும்பி நிற்கிறவர்கள் உண்டு. ஜித்தாவில் கிப்லா கிழக்கு. மதீனாவில் தெற்கு. மினாவில் மறுபடியும் மேற்கு.

கேள்வி: தவாஃப் (கஅபாவைச் சுற்றி வருதல்) முடித்து மகாமு இப்ராஹீமுக்குப் பின்னால் 2 ரக்அத் தொழ நின்றால் இடித்துத் தள்ளுகிறார்கள். காவலரும் விரட்டுகிறார். ஹரமில் உட்கார்ந்து அழுது துஆ கேட்க ஓர் இடம்கூட இல்லையா? (ராயபுரம் வாசகி)

பதில்: தள்ளுகிறவர்கள் மேல் தவறு இல்லை, அவர்கள் தவாஃபில் இருக்கிறார்கள். நெரிசல் நேரத்தில் மகாமுக்கு ஒட்டி நிற்பது அவர்கள் வழியை மறிப்பது. அந்த 2 ரக்அத்தை ஹரமில் எங்கே தொழுதாலும் நிறைவேறும். மகாமு உங்களுக்கும் கஅபாவுக்கும் இடையில் வருகிற நேர்கோட்டிலேயே பின்னோக்கி நடந்து, மதாஃப் (தவாஃப் சுற்றும் முற்றம்) முடிந்து கூரை தொடங்கும் இடத்துக்குப் போய்விடுங்கள். மகாமுக்குப் பின்னால் தொழுத திருப்தியும் கிடைக்கும், யாரும் இடிக்கவும் மாட்டார்கள்.

அதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். சுபுஹுக்குப் பின் சூரியன் நன்றாக மேலே வரும் வரையிலும், அஸருக்குப் பின் மஃரிப் வரையிலும் ஹனஃபிகள் தவாஃபின் 2 ரக்அத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ஷாஃபிகளுக்கு மக்கா ஹரமில் எந்த நேரத்திலும் தடை இல்லை. பக்கத்தில் தொழுகிறவரைப் பார்த்து நாமும் தொழுவது, அல்லது அவரைத் தடுப்பது, இரண்டும் இந்த வித்தியாசம் தெரியாததால் வருகிறது.

துஆவுக்கு ஏற்ற நேரம் முற்பகல். சுபுஹு கூட்டம் அறைக்குப் போய்விடும், லுஹர் கூட்டம் இன்னும் வந்திருக்காது. மேல் தளங்களில் கைப்பிடிச் சுவரோரமாக உட்கார்ந்தால் கஅபா கண்ணில் தெரியும், கீழே நடக்கிற தள்ளுமுள்ளு எட்டாது. கஅபா தெரிய வேண்டியதில்லை, அமைதி போதும் என்றால், வடக்குப் பக்கத்து மன்னர் அப்துல்லாஹ் விரிவாக்கத்தில் விரிந்த கூடங்கள் இருக்கின்றன. நள்ளிரவு தாண்டியும் நன்றாக இருக்கும், ஆனால் ரமளானில் அதை எதிர்பார்க்காதீர்கள். பகலில் திறந்தவெளிக்கு அஞ்ச வேண்டாம், மதாஃபின் வெள்ளைச் சலவைக்கல் கொளுத்தும் வெயிலிலும் காலைச் சுடாது.

பெண்களுக்கு முக்கியமானது: பாங்குக்கு அரை மணி, முக்கால் மணி முன்பே பணியாளர்கள் பெண்களை மதாஃபிலிருந்து பெண்கள் பகுதிக்கு அனுப்பத் தொடங்குவார்கள். அந்த நேரத்தில் தவாஃப் தொடங்கினால் நடுவில் கலைந்து, குடும்பத்தையும் தவறவிடுவீர்கள். பாங்கு நேரத்தைப் பார்த்து, ஒரு தவாஃப் முடிக்க இடைவெளி இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

செருப்பை வாசலில் விடாதீர்கள். சுருக்குப்பை ஒன்றில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். எந்த வாசலில் நுழைந்தீர்களோ அதன் எண்ணைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். மன்னர் அப்துல் அஸீஸ் வாசல் 1, மன்னர் ஃபஹத் வாசல் 79. “உம்மா, 79-க்கு வெளியே நில்லுங்க” என்று முன்கூட்டியே பேசி வைத்த குடும்பம் பதற்றம் இல்லாமல் தொழும். பேசி வைக்காத குடும்பம் ஸலாம் கொடுத்த நொடியிலிருந்து போனைத் தேடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: மதீனாவில் ரவ்ளாவில் (நபி பள்ளிக்குள் உள்ள சிறப்பிடம்) எவ்வளவு நேரம் இருக்கலாம்? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: சவூதி அரசின் நுசுக் ஆப்பில் அனுமதி எடுத்து, குறித்த நேரத்துக்குப் போக வேண்டும். உள்ளே சில நிமிடங்கள்தான். எனவே துஆக்களை எழுதிப் பிரித்துப் படிக்கிற இடமாக அதை நினைக்காதீர்கள். 2 ரக்அத், நெஞ்சில் முதலில் வருகிற துஆ, போதும். ஒளுவை அறையிலேயே செய்துவிட்டுப் போங்கள். நீண்ட நேரம் உட்கார வேண்டுமென்றால் இஷ்ராக்குக்குப் (சூரியன் உதித்த பின் தொழும் உபரித் தொழுகை) பிறகு பள்ளியின் பின்பகுதித் தூண்களுக்கு இடையில் தாராளமாக இடம் கிடைக்கும்.

கேள்வி: ஹஜ்ஜில் மினா கூடாரத்தில் நெருக்கியடித்துப் படுக்கிறார்கள். அரஃபாவிலாவது தனியாக நிற்க முடியுமா? (கொருக்குப்பேட்டை வாசகர்)

பதில்: மினாவில் தனியிடம் தேடுவது வீண். பாங்குக்கு ஒரு மணி முன்பே கழிவறை வேலையை முடித்துவிடுங்கள். பாங்கு சொன்ன பிறகு வரிசையில் நின்றால் ஜமாஅத் போய்விடும். மற்றவர்கள் எழும் முன் தஹஜ்ஜுத் நேரத்தில் கூடாரத்துக்கு வெளியே இடைவழி காலியாக இருக்கும்.

அரஃபாவில் முடியும். லுஹரும் அஸரும் தொழுத பின், சூரியன் மறையும் வரை முழு நேரமும் துஆவுக்குத்தான். சாப்பாடு முடிந்ததும் கூடாரத்தில் படுத்துவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. அஸர் நேரத்துக்குப் பிறகு வெளியே வாருங்கள். அங்கே வரிசையாக வேப்ப மரங்கள் நட்டிருக்கிறார்கள், அந்த நிழலில் குடையும் தண்ணீர் பாட்டிலுமாக நில்லுங்கள். அங்கிருந்து கிப்லா வடமேற்கு. உங்கள் குழு எண்ணும் கூடார எண்ணும் கைப்பட்டியில் இருக்கட்டும். கூடாரக் கொடி கண்ணுக்குத் தெரிகிற தூரத்தைத் தாண்ட வேண்டாம், மாலையில் எல்லாக் கூடாரமும் ஒன்றுபோலவே தெரியும்.

சூரியன் மறைந்த பிறகு மஃரிபை அரஃபாவில் தொழாதீர்கள். முஸ்தலிஃபா போய்ச் சேர்ந்து, இஷாவோடு சேர்த்துத் தொழ வேண்டும். இந்த ஜம்உ ஹனஃபிகளுக்கும் உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் கழிவறைப் பக்கத்திலேயே பாய் விரிக்கிறவர்கள் இரவு முழுக்கக் காலடிச் சத்தத்தில் கிடப்பார்கள். நூறடியாவது உள்ளே தள்ளிப் போய் விரித்து, முதலில் தொழுதுவிட்டு, பிறகு கல் பொறுக்குங்கள்.